தலையால் முட்டு வாங்கிய மாட்டராசி! வெள்ள வருஷத்தில் சென்னைக்குக் கோப்பை வாங்கித் தந்த 'ஸ்டாப்பர்' கதை

ஸ்ரீபெரும்புதூர்:-

மார்க்கோ மாட்டராசி என்று பேரைச் சொன்னால், ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்சுக்கு நிற்பவர்களில் பாதிப் பேர் யோசிப்பார்கள்.

"ஜிடேன் தலையால முட்டினாரே... முட்டு வாங்கி விழுந்தாரே, அந்த ஆளு" என்று சொன்னால் போதும். ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்கூட "ஓ, அவரா!" என்பார்.

உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர். அதே ஆட்டத்தில் பெனால்டியும் போட்டவர். இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர்களில் ஒருவர். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. இன்னொருத்தர் தலை அவர் நெஞ்சில் பட்டதுதான் ஞாபகம்!

இவர் நம்ம சென்னையில் வேலை பார்த்த ஆள் என்பதும், சென்னைக்கு முதல் ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் என்பதும், இந்தப் பக்கத்தில் பலருக்கு மறந்தே போய்விட்டது.

ஒரு நிமிஷத்துச் சம்பவத்தை வைத்து ஒரு ஆளின் இருபது வருஷத்தை எடை போடலாமா? கேஸ் கட்டை முதலிலிருந்து பிரித்துப் பார்ப்போம்.

நள்ளிரவில் நடந்த சம்பவம்

சம்பவ விவரம் வருமாறு:-

2006-ம் ஆண்டு ஜூலை 9-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனி நாட்டில் பெர்லின் ஒலிம்பிக் ஸ்டேடியம். உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம். இத்தாலியும் பிரான்சும் மோதின. ஸ்டேடியத்தில் 69 ஆயிரம் பேர் கூட்டம்.

நம்ம ஊர் கணக்குப்படி இரவு 11½ மணிக்கு ஆட்டம் ஆரம்பம்.

அப்போது நம்ம பக்கம் எப்படி இருந்தது தெரியுமா? அந்த வருஷம்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை செல்போன் தயாரிப்பைத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓட ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த உலகக் கோப்பைக்கு விளம்பரதாரர்களில் ஹூண்டாயும் ஒன்று. நம்ம ஊர் ஆளுங்க ஷிப்ட் போட்டு மாட்டிய அதே பேர், உலகக் கோப்பை மைதானத்து விளம்பரப் பலகையிலும் இருந்தது!

ஆட்டம் தொடங்கிய 7-வது நிமிடம். பிரான்சின் மலூடா இத்தாலியின் கோல் பக்கம் புகுந்தார். மாட்டராசி (வயது 32) குறுக்கே போனார். மலூடா விழுந்தார். பெனால்டி!

பிரான்ஸ் கேப்டன் ஜினடின் ஜிடேன் (34) பந்தை நைசாக மேலே தூக்கிவிட்டார். பந்து மேல் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்து வெளியே வந்தது. கோல். இத்தாலி 0, பிரான்ஸ் 1.

தப்புக்குக் காரணம் மாட்டராசி. அந்த நிமிஷத்தில் இத்தாலி ஜனங்கள் அவரைத் திட்டாத திட்டு இருந்திருக்காது.

ஆனால் 19-வது நிமிடம். பிர்லோ கார்னர் அடித்தார். ஆறு அடி நாலு அங்குல உயரத்துக்கு மாட்டராசி எழும்பினார். எல்லாத் தலைக்கும் மேலே அவர் தலை. பந்து வலையில்! 1-1.

தான் கட்டிய கடனைத் தானே அடைத்தார்.

கூடுதல் நேரம். 104-வது நிமிடத்தில் ஜிடேன் தலையால் முட்டிய பந்தை இத்தாலி கோல்கீப்பர் புபான் மேலே தட்டிவிட்டார். அது கோலாகியிருந்தால் கதையே வேறு. ஜிடேனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். இந்த உலகக் கோப்பையோடு ஓய்வு என்று முன்னாலேயே அறிவித்துவிட்டார்.

110-வது நிமிடம்!

பந்து வேறு பக்கம் போய்விட்டது. ஜிடேனும் மாட்டராசியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். ஏதோ பேசினார்கள். ஜிடேன் இரண்டு மூன்று அடி முன்னால் போனார். திடீரென்று திரும்பினார். தலையைக் குனிந்து, கிடா முட்டுவது போல மாட்டராசியின் நெஞ்சில் ஓங்கி முட்டினார். மாட்டராசி மல்லாக்க விழுந்தார்.

நடுவர் ஹொராசியோ எலிசொண்டோ அதைப் பார்க்கவில்லை. அவர் பந்தின் பின்னால் இருந்தார். கோட்டுக்கு வெளியே இருந்த நான்காவது நடுவர் காதில் மாட்டும் கருவி மூலம் தகவல் கொடுத்தார். எலிசொண்டோ ஓடி வந்தார். சிவப்பு அட்டை!

மேடையில் வைத்திருந்த உலகக் கோப்பையைத் தாண்டி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜிடேன் உள்ளே போனார். அந்தப் போட்டோ உலகம் பூராவும் முதல் பக்கத்தில் வந்தது.

பிறகு பெனால்டி உதைகள். இத்தாலிக்காக இரண்டாவதாக வந்தவர் யார்? அதே மாட்டராசி! நெஞ்சில் முட்டு வாங்கிய ஆள் ஓடி வந்து உதைத்தார். கோல். பிரான்சின் திரேசகே அடித்தது கம்பத்தில் பட்டது. இத்தாலி 5-3 என்று ஜெயித்தது. இத்தாலிக்கு அது நான்காவது உலகக் கோப்பை.

ஒரே ராத்திரியில் தப்பு செய்தவர், கோல் போட்டவர், முட்டு வாங்கியவர், பெனால்டி போட்டவர், நாலும் ஒரே ஆள்!

என்னதான் பேசினார்?

இதுதான் அன்றைக்கு உலகம் கேட்ட கேள்வி. டி.வி.க்காரர்கள் உதட்டசைவைப் படிக்கிற ஆட்களைக் கூட்டி வந்து விசாரித்தார்கள்.

மாட்டராசியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஜிடேனின் சட்டையை அவர் பிடித்து இழுத்திருக்கிறார். "சட்டை வேணும்னா ஆட்டம் முடிஞ்சதும் தர்றேன்" என்கிற மாதிரி ஜிடேன் சொல்லியிருக்கிறார். அதற்கு மாட்டராசி, ஜிடேனின் சகோதரியை இழுத்து அசிங்கமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். முட்டு விழுந்தது.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று செய்தி எடுப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. அடிதடி வழக்குகளில் எத்தனையோ வழக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. "என் அக்கா தங்கச்சியைப் பேசினான், அடிச்சேன்" என்பான் ஒருத்தன். "சும்மா வாய் வார்த்தைதான் சார்" என்பான் இன்னொருத்தன். டாஸ்மாக் வாசலில் நடக்கும், ஹாஸ்டல் மாடியில் நடக்கும், கம்பெனி பஸ்சில் சீட்டுக்காகவும் நடக்கும். பெர்லினில் நடந்ததும் அதே கேஸ்தான். என்ன, கோடிக்கணக்கான பேர் சாட்சி!

வாயை விட்டது மாட்டராசி தப்பு. கையை, இல்லை, தலையை நீட்டியது ஜிடேன் தப்பு. இரண்டு பேரும் அதற்குத் தண்டனை வாங்கினார்கள்.

பிபாவின் தீர்ப்பு

உலகக் கால்பந்து சம்மேளனமான பிபா விசாரணை நடத்தியது. ஜிடேனுக்கு 3 ஆட்டம் தடை, 7,500 சுவிஸ் பிராங்க் அபராதம். மாட்டராசிக்கு 2 ஆட்டம் தடை, 5,000 பிராங்க் அபராதம்.

அடிபட்டவருக்கும் தண்டனை! 'தூண்டிவிட்டது' குற்றம் என்று பிபா முடிவு செய்தது.

ஜிடேன் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டதால் தடை அவரைத் தொடவில்லை. அதற்குப் பதில் 3 நாள் குழந்தைகளுக்காகச் சேவை செய்தார். அந்த உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் என்ற தங்கப் பந்து விருதும் அவருக்கே கிடைத்தது!

முட்டியவருக்குத் தங்கப் பந்து. முட்டு வாங்கியவருக்குக் கெட்ட பேர்.

டி.வி. பார்த்த குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டார் ஜிடேன். மாட்டராசியிடம் கேட்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்பதைவிடச் சாவதே மேல் என்று 2010-ல் அவர் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது.

பத்திரிகைகள் மீது வழக்கு

பத்திரிகைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயமும் இதில் உண்டு.

சம்பவம் நடந்த கையோடு இங்கிலாந்தில் சில பத்திரிகைகள் கண்டபடி எழுதின. ஜிடேனின் மதத்தையும் இனத்தையும் சொல்லி மாட்டராசி கேவலமாகப் பேசினார், 'பயங்கரவாதி' என்று திட்டினார் என்றெல்லாம் அச்சடித்தன. ஆதாரம் கிடையாது.

மாட்டராசி விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார். மூன்று பத்திரிகைகள் அவருக்கு நஷ்ட ஈடு கொடுத்து வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

ஜிடேனின் தாயாரைத் திட்டினார் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. அதையும் மாட்டராசி மறுத்தார். அதற்கு ஒரு காரணம் உண்டு. பதின்மூன்று பதினாலு வயதைத் தாண்டியதுமே தாயைப் பறிகொடுத்தவர் அவர். தாய் என்ற வார்த்தை தனக்குப் புனிதம் என்றார்.

அடுத்து அவர் செய்தது வேடிக்கை. 'ஜிடேனிடம் நான் உண்மையில் சொன்னது என்ன' என்று ஒரு நகைச்சுவைப் புத்தகம் போட்டார். அன்றைக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று நூற்றுக்கணக்கில் கிண்டல் வரிகள். வருமானம் குழந்தைகள் நலனுக்காக யுனிசெப்புக்குப் போனது.

பழைய வழக்குகள்

மாட்டராசி ஒன்றும் பால் குடிக்கிற பிள்ளை இல்லை. போலீஸ் பாஷையில் சொன்னால், பழைய வழக்குகள் நிறைய உள்ள ஆள்.

1998-99-ல் இங்கிலாந்தில் எவர்ட்டன் கிளப்புக்கு ஆடினார். ஒரே சீசன். மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையுமாக வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

2004 பிப்ரவரியில் சியெனா அணியின் ஆட்டக்காரர் ஒருவரை, மைதானத்துக்கு உள்ளே போகும் வழியில் முகத்தில் குத்திவிட்டார். இரண்டு மாதம் தடை.

2006 உலகக் கோப்பையிலேயே, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். பத்துப் பேரோடு ஆடிய இத்தாலி, கடைசி வினாடியில் டோட்டி அடித்த பெனால்டியால் தப்பியது.

முரட்டு ஆள். முன்கோபி. எதிராளியின் காலும் வலிக்க வேண்டும், காதும் வலிக்க வேண்டும் என்று ஆடுகிறவர். இதெல்லாம் உண்மை. மறைக்க வேண்டியது இல்லை.

ஆனால் கேஸ் கட்டில் இது ஒரு பாதிதான்.

அடிமட்டத்திலிருந்து வந்தவர்

1973 ஆகஸ்டு 19-ந்தேதி தெற்கு இத்தாலியில் லெச்சே நகரில் பிறந்தார். அப்பா கியுசெப்பே மாட்டராசியும் கால்பந்துக்காரர். பிறகு லாசியோ போன்ற பெரிய கிளப்புகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர்.

அப்பா பெரிய ஆள் என்பதால் பிள்ளைக்குச் சிபாரிசில் இடம் கிடைத்துவிடவில்லை. இருபது வயதில் அவர் சிசிலித் தீவில் மர்சாலா, திராபானி என்று கீழ்மட்ட டிவிஷன் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தார். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. அங்கிருந்து பெரூஜியா கிளப்புக்கு வந்தார். வந்த பிறகும் ஒரு வருஷம் கார்ப்பி என்ற கீழ் டிவிஷன் கிளப்புக்கு இரவல் கொடுத்தார்கள்.

நம்ம பாஷையில் சொன்னால் காண்டிராக்ட் ஆள். இந்தக் கம்பெனியில் ஆறு மாதம், அந்தக் கம்பெனியில் ஆறு மாதம். நிரந்தரம் எப்போது என்று தெரியாது.

2000-2001 சீசன். பெரூஜியாவுக்காக மாட்டராசி 12 கோல் போட்டார். பின்னால் நின்று தடுக்கிற ஆள், இத்தாலியின் முதல் டிவிஷன் லீகில் ஒரே சீசனில் 12 கோல்! அதற்கு முன் அர்ஜென்டினாவின் பசரெல்லா போட்ட 11 கோல்தான் சாதனை. அதை முறியடித்தார். அந்த வருஷமே, 27 வயதில்தான், இத்தாலி தேசிய அணியில் இடம் கிடைத்தது. மிலான் நகரின் பெரிய கிளப்பான இன்டர், அவரை விலைக்கு வாங்கியது.

அங்கே பத்து வருஷம் ஆடினார். ரசிகர்கள் வைத்த பட்டப் பேர் 'மேட்ரிக்ஸ்'.

பின்களத்து ஆளுக்குப் பேர் ஏது?

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

முன்னால் ஆடுகிறவன் பத்துப் பந்தை வெளியே அடித்துவிட்டு ஒரு கோல் போட்டால் தோளில் தூக்குவார்கள். பின்னால் நிற்கும் ஸ்டாப்பர் பத்துப் பந்தைத் தடுத்துவிட்டு ஒன்றைக் கோட்டை விட்டால், அந்த ஒன்றுதான் மறுநாள் பேப்பரில் வரும்.

இந்த வட்டாரத்துக் கார் கம்பெனி ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நூறு வண்டி நல்லபடியாக வெளியே போனால் கியூ.சி. ஆள் பேர் யாருக்கும் தெரியாது. ஒரு வண்டி திரும்பி வந்தால், "எந்த ஷிப்ட்? யார் பார்த்தது?" என்று பேரைக் கேட்பார்கள். பத்து வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தவன் ஒருநாள் கேன்டீனில் கை ஓங்கினால், அவன் பைலில் முதல் காகிதம் அந்த மெமோதான்.

மாட்டராசி கதையும் அதுதான். இத்தாலிக்கு 41 ஆட்டம் ஆடியிருக்கிறார். உலகம் எண்ணுவது 110-வது நிமிடத்தை மட்டும்.

மாற்று ஆளாகப் போனவர்

2006 உலகக் கோப்பைக்கு அவர் முதல் பதினோரு பேரில் ஒருவராகப் போகவில்லை. மாற்று ஆள். பெஞ்சில் உட்கார வேண்டியவர். பின்களத்தில் கன்னவாரோவும் நெஸ்டாவும் இருந்தார்கள். இரண்டு பேரும் உலகப் புகழ் பெற்றவர்கள்.

ஜூன் 22-ந்தேதி, ஹாம்பர்க் நகரில் செக் நாட்டுடன் ஆட்டம். நெஸ்டாவுக்குக் காயம். நொண்டியபடி வெளியே வந்தார். "மார்க்கோ, போ" என்று உள்ளே அனுப்பினார்கள். போன சில நிமிஷத்தில் ஒரு கார்னர். தலையால் முட்டினார். கோல்!

அதன் பிறகு நெஸ்டா அந்த உலகக் கோப்பையில் ஆடவே முடியவில்லை. மாற்று ஆளாக வந்தவர் இறுதி ஆட்டம் வரை போனார். பெர்லினில் அவர் போட்ட கோல் இத்தாலிக்காக அவருடைய இரண்டாவது கோல். அதுவே கடைசியும்கூட.

இந்த நெஸ்டாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு சென்னையில் வருவார்.

புகையும் கண்ணீரும்

மாட்டராசி பேரைச் சொன்னால் இன்னும் இரண்டு படங்கள் ரசிகர்களுக்குக் கண்ணில் நிற்கும்.

ஒன்று, 2005 ஏப்ரல் 12. மிலான் நகரின் இரண்டு கிளப்புகள், இன்டரும் ஏ.சி. மிலானும், ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதியில் மோதின. இன்டர் தோற்கப் போகிறது என்றதும் அதன் ரசிகர்கள் மத்தாப்புத் தீப்பந்தங்களை மைதானத்தில் எறிந்தார்கள். ஒன்று மிலான் கோல்கீப்பர் திடாவின் தோளில் பட்டது. ஆட்டம் நின்றது. சிவப்பு வெளிச்சம், புகை மண்டலம். அந்தப் புகையைப் பார்த்தபடி மாட்டராசி, எதிரணியின் ரூயி கோஸ்டா தோளில் முழங்கையை ஊன்றி நிற்கிறார். பகையாளித் தோளில் சாய்ந்து நிற்கும் முரட்டு ஆள்! கால்பந்து உலகின் மிகப் பிரபலமான போட்டோக்களில் அதுவும் ஒன்று.

இன்னொன்று, 2010 மே 22. மாட்ரிட் நகரம். ஜெர்மனியின் பேயர்ன் மியூனிச் அணியை வென்று இன்டர் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. 36 வயது மாட்டராசியைக் கடைசி நிமிஷத்தில் பயிற்சியாளர் மொரின்யோ இறக்கிவிட்டார். அன்றோடு மொரின்யோ இன்டரை விட்டுப் போகிறார். ஸ்டேடியத்துக்கு வெளியே, சுவரோரம் மாட்டராசி நிற்கிறார். காரில் ஏறிப் போன மொரின்யோ, காரை நிறுத்தி இறங்கி வந்து கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் தேம்பி அழுதார்கள். உலகக் கோப்பை முட்டுக்கு அழாத ஆள், வாத்தியார் போகிறார் என்றதும் அழுதார்!

2006 முதல் 2010 வரை இன்டருக்கு வரிசையாக ஐந்து லீக் பட்டம். 2011-ல் மாட்டராசி கிளப்பை விட்டு விலகினார்.

சென்னைக்கு வந்தார்

2014-ல் இந்தியாவில் ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் ஆரம்பம். அபிஷேக் பச்சனும் கிரிக்கெட் கேப்டன் டோனியும் பங்குதாரர்களாக இருந்த 'சென்னையின் எப்.சி.' அணிக்கு, ஆடிக்கொண்டே பயிற்சி கொடுப்பவராக மாட்டராசி வந்து சேர்ந்தார். வயது 41.

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் உலகக் கோப்பை ஜெயித்த ஆள்! உடம்பு பூரா பச்சை குத்திக்கொண்டு, அதில் தொடையில் உலகக் கோப்பைப் படத்தோடு வந்தார்.

வந்தவர் தனியாக நிற்கவில்லை. பழைய கூட்டாளி ஒருவரையும் இழுத்து வந்தார். யார்? நெஸ்டா! ஹாம்பர்க்கில் காயம்பட்டு இடத்தை விட்டுக் கொடுத்த அதே நெஸ்டா, அந்த வருஷக் கடைசியில் சென்னைக்கு வந்து ஆடினார்.

வியாசர்பாடி, பெரம்பூர்ப் பையன்கள் டி.வி.யில் பார்த்தவர்களை நேரில் பார்த்தார்கள். வட சென்னைக்குக் கால்பந்து புதுசு இல்லை. வியாசர்பாடிக்குக் 'குட்டி பிரேசில்' என்றே பேர். அந்த வியாசர்பாடியைச் சேர்ந்த தனபால் கணேஷ் சென்னையின் எப்.சி. சட்டையைப் போட்டு ஆடியவர்தான்.

முதல் வருஷம் லீகில் சென்னைக்கே முதல் இடம். ஆனால் அரை இறுதியில் கேரளா குறுக்கே வந்தது. கொச்சியில் 0-3 என்று தோல்வி. சென்னையில் திருப்பி 3 கோல் அடித்துச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது கேரளா ஒரு கோல் போட்டது. எல்லாம் போச்சு!

வெள்ளத்தில் வந்த கோப்பை

2015-ம் வருஷத்தை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் மாட்டராசி பயிற்சியாளர் மட்டும். அணி தோல்வி மேல் தோல்வி. பட்டியலில் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று எல்லாரும் பேசினார்கள். அதற்குப் பிறகு வரிசையாக ஜெயித்து அரை இறுதிக்குள் நுழைந்தார்கள்.

அப்போது வந்தது மழை.

டிசம்பர் 1. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தன. செம்பரம்பாக்கம் ஏரியில் வினாடிக்கு 29 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு ஊருக்குள் வந்தது. வீடுகள் மூழ்கின. மின்சாரம் இல்லை, போன் இல்லை, பால் இல்லை. மீனம்பாக்கம் விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. கம்பெனிகள் ஷிப்டை நிறுத்தின. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

சென்னையில் நடக்க வேண்டிய அரை இறுதியைப் புனே நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சொந்த ஊர் ஆட்டம், சொந்த ஊரில் இல்லை!

டிசம்பர் 12-ந்தேதி புனேயில் சென்னை 3-0 என்று கொல்கத்தாவைச் சாய்த்தது. அந்தக் கொல்கத்தாதான் முதல் வருஷத்துச் சாம்பியன். மறு ஆட்டத்தில் கொல்கத்தா 2-1 என்று ஜெயித்தும் பயன் இல்லை. மொத்தக் கணக்கில் 4-2. சென்னை இறுதிக்குப் போனது.

டிசம்பர் 20. கோவாவில் இறுதி ஆட்டம். எதிரணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? பிரேசில் மேதை ஜீகோ! மைதானம் முழுக்க கோவா ரசிகர்கள்.

சென்னை முதல் கோல் போட்டது. கோவா திருப்பிப் போட்டது. 87-வது நிமிடத்தில் கோவா இன்னொன்றும் போட்டது. 2-1. ஸ்டேடியத்தில் வெடிச் சத்தம். முடிந்தது கதை என்று நினைத்தார்கள்.

90-வது நிமிடம். சென்னையின் தாக்குதலில் பந்து கோவாவின் சொந்தக் கோலாக வலைக்குள் போனது. 2-2! மூச்சு விடுவதற்குள், கூட்டிக் கொடுத்த நேரத்தில் கொலம்பியா நாட்டு மெண்டோசா பாய்ந்து அடித்தார். 3-2!

சேறு வாரிக்கொண்டிருந்த ஊருக்கு அந்த ராத்திரி ஒரு நல்ல செய்தி. ஈரம் காயாத சுவர், குப்பையில் கிடக்கும் மெத்தை, கெட்டுப்போன பிரிட்ஜ், இவற்றுக்கு நடுவே டி.வி. ஓடிய வீடுகளில் கை தட்டினார்கள். கோப்பை யாருடைய வீட்டையும் திரும்பக் கட்டித் தரவில்லைதான். ஆனாலும் டிசம்பர் மாதத்தில் சென்னைக்காரன் சந்தோஷமாகப் பேச ஒரே ஒரு விஷயம் கிடைத்தது.

அந்த அணியின் வாத்தியார் மாட்டராசி.

போன பிறகும்...

மூன்றாவது வருஷமான 2016-ல் அணி ஏழாவது இடம். 2017 மார்ச்சில் மாட்டராசி விடைபெற்றார். அடுத்து வந்த இங்கிலாந்துக்காரர் ஜான் கிரிகரி, 2018-ல் இரண்டாவது கோப்பையை வாங்கிக் கொடுத்தார். பெங்களூரில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் சென்னைக்காக இரண்டு கோல் போட்டவர் மெயில்சன் ஆல்வஸ். அவரும் ஸ்டாப்பர். இரண்டும் தலையால் முட்டிய கோல்! பெர்லினில் மாட்டராசி போட்ட மாதிரியே.

முட்டுக்குச் சிலை!

இத்தனையும் நடந்த பிறகும் உலகம் எதற்குச் சிலை வைத்தது?

முட்டுக்குத்தான்!

அடேல் அப்தசமத் என்ற சிற்பி, ஜிடேன் முட்டுகிற, மாட்டராசி சாய்கிற காட்சியை 5 மீட்டர் உயரத்தில் வெண்கலத்தில் வடித்தார். 2012-ல் பாரீஸ் நகரில் வைத்தார்கள். பிறகு கத்தார் நாடு அதை வாங்கி, 2013-ல் தோகா கடற்கரையில் நிறுத்தியது. சிலை வழிபாடு மாதிரி இருக்கிறது, குழந்தைகளுக்கும் கெட்ட உதாரணம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. சில வாரத்தில் எடுத்துவிட்டார்கள். 2022-ல் உலகக் கோப்பை கத்தாரில் நடந்தபோது மறுபடி ஒரு விளையாட்டு மியூசியத்தில் வைத்தார்கள்.

வீரர்கள் ஜெயித்ததற்குச் சிலை உண்டு. விழுந்ததற்குச் சிலை உள்ள ஆட்டக்காரர் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

மாட்டராசி நல்லவரா, கெட்டவரா? வாய்த் துடுக்கு உள்ளவர். கை நீளமும் உண்டு. தண்டனையும் வாங்கியிருக்கிறார். கீழ் டிவிஷன் சேற்றிலிருந்து உலகக் கோப்பை வரை ஏறியவரும் அவர்தான். தான் செய்த தப்பைப் பன்னிரண்டு நிமிஷத்தில் தானே சரிக்கட்டியவரும் அவர்தான். ஊர் தண்ணீரில் மிதந்தபோது அந்த ஊர் பேருக்குக் கோப்பை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

கேஸ் கட்டில் எல்லாக் காகிதமும் இருக்கிறது. மேலே இருக்கும் ஒரே காகிதத்தைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை.

இனிமேல் ஒரகடம் டீக்கடையில் யாராவது அந்த முட்டு வீடியோவைச் செல்போனில் காட்டிச் சிரித்தால், பக்கத்தில் இருப்பவர் ஒரு வார்த்தை சொல்லலாம்: "அந்த ஆளு கோலும் போட்டாருப்பா. நம்ம வெள்ள வருஷத்துல கப்பும் வாங்கிக் கொடுத்தாரு."

பெர்லினில் இத்தாலி போட்ட ஒரே கோல் மாட்டராசி போட்டதுதான் என்பது குறிப்பிடத்தக்கது.